முன்பாரமும் பின்பாரமும்

முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். நெம்புகோல், ஈர்ப்பு மையம், திருப்புத்திறன் என்பனவற்றைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அப்படிப்பட்ட நான், ஈர்ப்பு மையத்தை மறந்து ஒரு குடும்பத்தையே ஆபத்தில் நிறுத்திய கதையை இங்கே கூறப் போகிறேன். கதையோடு சேர்த்து, வண்டியின் பின்னால் ஒரு வீட்டை இழுத்துச் செல்வோர் அறிந்திருக்க வேண்டிய செய்திகளையும் விளக்க முற்படுகிறேன்.

2018ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள என் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். அவன் பழைய டிரெய்லர் வீடு ஒன்றை வாங்கியிருந்தான். இதற்கு எஞ்சின் கிடையாது. படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி, கழிவறை எல்லாம் அடங்கிய ஓர் அறையைச் சக்கரங்களின் மேல் ஏற்றிவைத்ததுபோல் இருக்கும். பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்ல வேண்டும். போகிற ஊரில் கழற்றி நிறுத்திவிட்டு, பிக்கப்பில் மட்டும் ஊர் சுற்றலாம்.

இத்தகைய உல்லாசப் பயணத்துக்கு முன்னோடி ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பார். 1885இல் குதிரைகள் இழுக்கும் வீடு ஒன்றைச் செய்வித்து, அதற்கு 'வாண்டரர்' எனப் பெயரிட்டுப் பிரிட்டனைச் சுற்றிவந்தார். கார் பெருகியதும் குதிரையின் இடத்தைக் கார் பிடித்துக்கொண்டது. 1930களில் வாலி பையம் என்பவர் அமெரிக்காவில் அலுமினியத் தகட்டால் மூடிய 'ஏர்ஸ்ட்ரீம்' டிரெய்லர்களைச் செய்யத் தொடங்கினார். 1969 ஜூலை 24 அன்று நிலவிலிருந்து திரும்பிய மூவரையும் கப்பலின் மேல் தனிமைப்படுத்தி வைத்தது, அந்த ஏர்ஸ்ட்ரீம் ஒன்றை மாற்றியமைத்த கூண்டில்தான். வரலாறு இவ்வளவு போதும். நம் கதைக்கு வருவோம்.

நடந்தது என்ன?

மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியைக் காணப் புறப்பட்டோம். மகன், மருமகள், ஆறு வயதுப் பேத்தி, நான் ஆக நால்வர். சாமான்களை ஏற்றும்போது மகன், "அப்பா, இதையெல்லாம் எங்கே வைக்கட்டும்?" என்று கேட்டான். "கனமானதைக் கீழே வை. எடுக்க வசதியாகப் பின்கதவுக்குப் பக்கத்தில் வை" என்றேன். கனத்தைக் கீழே வைத்தால் வண்டி கவிழாது என்பது எனக்குத் தெரியும். ஆனால், முன்னும் பின்னும் என்று ஒன்று இருக்கிறது என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அரைகுறை அறிவு ஆபத்தானது என்று மாணவர்களுக்கு அடிக்கடி சொல்லி வந்தவன் நான்!

நெடுஞ்சாலையில் மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் வட திசையில் போய்க்கொண்டிருந்தோம். பெரிய சரக்கு லாரி ஒன்று எங்களை முந்திச் சென்றது. அது தள்ளிய காற்று டிரெய்லரின் பின்புறத்தை முதலில் அப்பால் தள்ளியது. பிறகு தன் பக்கம் இழுத்தது. ஒரு முறை ஆடினால் அடங்கிவிடும் என்று நினைத்தோம். இரண்டாவது ஆட்டம் முதலாவதைவிடப் பெரிதாக இருந்தது. மூன்றாவதில் எங்கள் பிக்கப்பின் பின்பக்கமே இடமும் வலமுமாக இழுபட்டது. நாயின் வால் நாயையே ஆட்டுவதுபோல் இருந்தது என்றால் மிகையாகாது. பின்னிருக்கையில் பேத்தி உறங்கிக்கொண்டிருந்தாள். மருமகள் ஒரு கையால் அவளை அணைத்துக்கொண்டு மறு கையால் என் இருக்கையைப் பற்றினாள். யாரும் ஒரு சொல் பேசவில்லை.

மகன் பிரேக்கை மிதிக்கவில்லை, ஸ்டியரிங்கையும் திருப்பவில்லை. அதை நேராகப் பிடித்துக்கொண்டு காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே டிரெய்லரின் பிரேக்கை மட்டும் தனியே இயக்கும் சிறு நெம்பு ஒன்று உண்டு. அதை விரலால் மெல்ல நகர்த்தினான். பின்னால் யாரோ கயிற்றைப் பிடித்து இழுத்ததுபோல் டிரெய்லர் நேரானது. வேகம் குறைந்தது. ஓரமாக நிறுத்தினோம்.

இத்தருணத்தில் மனிதனின் இயல்பு முன்வண்டியின் பிரேக்கை மிதிக்கத்தான் சொல்லும். அப்படி மிதித்தால் முன்வண்டி தயங்கும், பின்வண்டி முட்டும், இரண்டும் கத்திரிபோல் மடியும். இதை முன்கூட்டியே படித்துவைத்திருந்த மகனால் நாங்கள் பிழைத்தோம். ஏற்றிவைத்த பிழை என்னுடையது. காப்பாற்றியது அவனுடைய அறிவு.

என் தந்தையின் பாடம்

அன்று மாலை முகாம் திடலில் பக்கத்து இடத்தில் தங்கியிருந்த முதியவர், ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், நடந்ததைக் கேட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி, "பின்னால் என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்பதே. அக்கேள்வி காதில் விழுந்ததும் ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு காட்சி என் கண்முன் வந்தது.

என் தந்தையார் வண்டிக்காரர். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகளை மில்லுக்கு ஏற்றிச் செல்வார். மூட்டைகளை அடுக்கியதும் மாட்டைப் பூட்டமாட்டார். முன்னால் வந்து ஏர்க்காலைக் கையால் சற்றே தூக்கிப் பார்ப்பார். தூக்கவே முடியாவிட்டால் முன்பாரம். ஒரு மூட்டையைப் பின்னுக்குத் தள்ளுவார். கை வைக்கும் முன்பே மேலே எழும்பினால் பின்பாரம். ஒரு மூட்டையை முன்னுக்கு இழுப்பார். பின்பாரமான வண்டியில் நுகத்தடி மேலே எழும். பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை நெரிக்கும். "மாடு வாய்விட்டுச் சொல்லாதுடா, நாமதான் பார்க்கணும்" என்பார். கல்லூரியில் படித்த நாட்களில், வண்டியோட்டி மகன் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்டவன் நான். அவர் ஏர்க்காலைத் தூக்கிப் பார்த்தது திருப்புத்திறனின் அளவீடு என்பது, அயல்நாட்டு முகாம் ஒன்றில், அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து எனக்கு விளங்கிற்று.

டிரெய்லரின் முன்னே நீண்டிருக்கும் இரும்புச் சட்டத்தை அங்கே 'நாக்கு' என்கிறார்கள். நம் ஏர்க்கால்தான் அது. அந்த நாக்கு முன்வண்டியின் மேல் அமர்த்தும் எடை, சாமான்களோடு கூடிய டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இருக்கவேண்டும் என்பது அமெரிக்காவில் வழங்கும் விதி. குறைந்தால் ஆட்டம், மிகுந்தால் முன்வண்டியின் பின்புறம் அமிழ்ந்து, அதன் முன்சக்கரங்கள் தரையில் பிடிப்பை இழக்கும்.

இதை எப்படி அளப்பது? முதியவர் காட்டிய முறையை நம் ஆய்வுக்கூடத்தில்கூடச் செய்து பார்க்கலாம். குளியலறையில் ஆள் எடை பார்க்கும் கருவி அவ்வளவு பாரத்தைத் தாங்காது. ஆகவே, உறுதியான பலகையின் ஒரு முனையைச் செங்கல்லின் மேலும் மறுமுனையை எடைக் கருவியின் மேலும் சமமட்டமாக வைக்கவேண்டும். செங்கல்லிலிருந்து 1 அடி தூரத்திலும், கருவியிலிருந்து 2 அடி தூரத்திலும் நாக்கை இறக்கவேண்டும். கருவி காட்டுவது உண்மை எடையில் மூன்றில் ஒரு பங்கு. எங்களுக்கு அது 57 கிலோ காட்டியது. மூன்றால் பெருக்க 171. டிரெய்லரின் மொத்த எடையோ ஏறத்தாழ 2,150 கிலோ. ஆக, 8 விழுக்காடுதான்!

பின்கதவருகே நான் வைக்கச் சொன்னவற்றைக் கணக்கிட்டோம். 20 லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டு, 40 கிலோ. அரிசிப் பைகள், 18 கிலோ. மருமகள் விடமாட்டேன் என்று எடுத்துவந்த மாவரைக்கும் கிரைண்டர், 12 கிலோ. கரியும் அடுப்பும், 15 கிலோ. மடக்கு மேசை நாற்காலிகள், 25 கிலோ. மொத்தம் 110 கிலோ. அச்சுக்கு 2.4 மீட்டர் பின்னால் இருந்த இவற்றை அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் மாற்றினோம். ஆக நகர்த்திய தூரம் 2.9 மீட்டர். 110ஐ 2.9ஆல் பெருக்கினால் 319. அச்சிலிருந்து நாக்கின் நுனி 4 மீட்டர். 319ஐ 4ஆல் வகுத்தால் ஏறத்தாழ 80. மறுபடி அளந்தபோது கருவி 83 காட்டியது. அதாவது 249 கிலோ, ஏறத்தாழ 12 விழுக்காடு. ஒரு கிலோவையும் குறைக்கவில்லை. இடத்தை மட்டுமே மாற்றினோம். மறுநாள் லாரிகள் முந்திச் சென்றபோது டிரெய்லர் ஒரு முறை அசைந்து அடங்கிவிட்டது.

ஆட்டம் ஏன் வளர்கிறது?

டிரெய்லர் முன்வண்டியோடு ஒரே புள்ளியில் இணைந்திருக்கிறது. படுக்கையாக வைத்த ஊசல் என்று அதைக் கருதலாம். காற்றோ பள்ளமோ அதைத் தட்டினால் அது ஆடும். டயர்கள் தரையைப் பற்றி அந்த ஆட்டத்தை அடக்கும். ஆனால், வேகம் கூடக்கூட இந்த அடக்கும் திறன் குறைந்துகொண்டே வரும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ஆட்டம் அடங்காது, வளரும். அந்த வேகம் எவ்வளவு என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது பாரம் இருக்கும் இடமே. பின்பாரம் மிகுந்தால் குறைந்த வேகத்திலேயே அந்த எல்லை வந்துவிடும்.

அப்படியானால் எல்லாவற்றையும் முன்கோடியில் குவித்துவிடலாமா? கூடாது. நீண்ட மூங்கிலின் இரு நுனிகளிலும் கனம் கட்டி, நடுவில் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். ஆட ஆரம்பித்தால் நிறுத்துவது கடினம். கனத்தை நடுவருகே கொண்டுவந்தால் எளிதில் நிற்கும். எனவே, கனமான பொருள்கள் கீழேயும், அச்சுக்கு அருகிலும், அச்சுக்குச் சற்று முன்னாலும் இருத்தல் வேண்டும். தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. தொட்டி நிரம்பினாலும் காலியானாலும் நாக்கின் எடை மாறிவிடும்.

எவ்வளவு ஏற்றலாம்?

அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறியும் என்பதை மயிலிறகைக் காட்டியே வள்ளுவர் உணர்த்திவிட்டார். டிரெய்லரில் அந்த மயிலிறகுகள் தட்டு, துணி, புத்தகம், செருப்பு என்ற உருவில் ஏறும். விற்பவர் சொல்லும் எடை பெரும்பாலும் வெற்று வண்டியின் எடை. டிரெய்லரின் தகட்டில் எழுதியிருக்கும் உச்ச எடையே நமக்கு வேண்டியது. எங்கள் டிரெய்லரின் வெற்று எடை 1,750 கிலோ. உச்சம் 2,270 கிலோ. இடைப்பட்ட 520 கிலோவுக்குள் தண்ணீர், எரிவாயு, உணவு, உடை எல்லாம் அடங்கவேண்டும். ஊகிப்பதைவிட லாரிகள் எடை போடும் மேடையில் ஏற்றிப் பார்ப்பதே நன்று.

முன்வண்டியின் கணக்கு வேறு. அது எவ்வளவு இழுக்கும் என்று மட்டும் பார்த்தால் போதாது. நாக்கின் 250 கிலோவும் அதன் முதுகில்தான் அமர்கிறது. மூன்று பேர் கூடுதலாக ஏறியதற்கு அது சமம். அந்தப் பாரத்தின் ஒரு பங்கை முன்சக்கரங்களுக்கும் டிரெய்லரின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் வில்கம்பி இணைப்புகளும் கிடைக்கின்றன. ஆனால், அவை தவறாக ஏற்றிய பாரத்துக்கு மருந்தல்ல.

பூட்டும் முறை

முன்வண்டியில் ஓர் இரும்புக் குண்டு இருக்கும். நாக்கின் நுனியில் உள்ள கிண்ணம் அதன்மேல் கவிழ்ந்து அமரும். இரண்டின் அளவும் பொருந்தவேண்டும். குண்டு சிறிதாக இருந்தாலும் கிண்ணம் அமர்ந்ததுபோலவே தோன்றும். முதல் மேட்டில் கழன்றுவிடும். பூட்டியபின் நாக்கின் தாங்கியைச் சுழற்றி மேலே தூக்கிப் பார்க்கவேண்டும். முன்வண்டியின் பின்புறமும் சேர்ந்து எழுந்தால் பூட்டு பிடித்துவிட்டது என்று பொருள். வண்டிக்குக் கடையாணிபோல், இந்தப் பூட்டுக்கும் ஒரு சிறு ஊசி உண்டு, அதை மறக்கலாகாது.

அடுத்து இரு சங்கிலிகள். அவற்றை நாக்கின் அடியில் பெருக்கல் குறிபோல் குறுக்காக மாட்டவேண்டும். பூட்டு கழன்றாலும் நாக்கு தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும். அதன்பின் மின் இணைப்பு. பின்விளக்குகள் எரிகின்றனவா என்று ஒருவர் பின்னால் நின்று பார்க்கவேண்டும். கடைசியாக ஒரு மெல்லிய கம்பி. டிரெய்லர் முற்றிலும் பிரிந்தால் இக்கம்பி ஒரு முளையைப் பிடுங்கும்; உடனே டிரெய்லர் தன் பேட்டரியாலேயே பிரேக் போட்டுக்கொள்ளும்.

டயரை மறவாதீர். புறப்படும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் பார்க்கவேண்டும். டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே வயதால் கெடும். அதன் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு ஆண்டுகள் ஆனால் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் மாற்றிவிடுவதே அறிவுடைமை. சக்கரம் மாற்றியபின் சுமார் 80 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முடுக்கவேண்டும்.

ஓட்டும் முறை

வேகமே முதல் பகை. 80 கிலோமீட்டரை 100 ஆக்கினால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. இயக்க ஆற்றலோ ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. ஆகவே, முன்னே செல்லும் வண்டிக்கு வழக்கத்தைவிட அதிக இடைவெளி விடவேண்டும். திருப்பங்களில் டிரெய்லரின் சக்கரம் உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். எனவே அகலமாகத் திரும்பவேண்டும். காற்று மிகுந்தால் நின்றுவிடுவதில் இழிவில்லை. நாங்கள் போன வழியில் மேக்கினா பாலம் இருக்கிறது. 1957இல் திறக்கப்பட்ட அதன் நீளம் ஏறக்குறைய 8 கிலோமீட்டர். காற்று கடுமையாக வீசும் நாட்களில் டிரெய்லர்களைத் துணைவண்டியோடு மெதுவாக அழைத்துச் செல்வார்கள்; மேலும் கடுமையானால் நிறுத்திவிடுவார்கள்.

பின்னோக்கி ஓட்டுவது தொடக்கத்தில் கண்ணீர் வரவழைக்கும். ஒரு சிறு தந்திரம் சொல்கிறேன். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் கையை வையுங்கள். டிரெய்லரின் பின்புறம் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். மெதுவாகவும் சிறிது சிறிதாகவும் செய்யவேண்டும். கோணல் மிகுந்தால் பிடிவாதம் வேண்டாம். முன்னே போய் நேராக்கி மறுபடி தொடங்கலாம். இறங்கிச் சென்று பின்னால் பார்த்துவிட்டு வருவதற்கு வெட்கப்படுகிறவரே வண்டியை மரத்தில் மோதுகிறார்.

நிறுத்தும் முறை

"முதல்ல கல்லு, அப்புறம்தான் மாடு" என்பார் என் தந்தை. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்த பிறகே மாட்டை அவிழ்ப்பார். இங்கும் அதே வரிசைதான். முதலில் இடவல மட்டம். பிறகு சக்கரங்களுக்குக் கட்டை. அதன்பின்பே நாக்கைக் கழற்றுதல். கடைசியாக முன்பின் மட்டம். வரிசை தவறினால் டிரெய்லர் தானே உருளத் தொடங்கும். மூலைகளில் உள்ள கால்கள் அசையாமல் நிறுத்துவதற்கே. வண்டியைத் தூக்குவதற்கு அல்ல.

மட்டம் உறங்குவதற்கு மட்டும் அன்று. பல டிரெய்லர்களில் எரிவாயுச் சுடரால் குளிரூட்டும் பெட்டி உண்டு. நெருப்பால் குளிர் உண்டாகும் இந்த விந்தையை 1922இல் வடிவமைத்தவர்கள் பால்ட்சர் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்னும் சுவீடன் நாட்டு மாணவர்கள் இருவர்! அதில் அசையும் உறுப்பே இல்லை. நீர்மம் தன் எடையால் ஓடித்தான் சுற்றிவருகிறது. வண்டி சாய்ந்திருந்தால் அது தேங்கிப் பெட்டி கெடும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அதனால்தான் கசிவறிவிப்பான் தரையருகே இருக்கிறது. குளிருக்காகக் கரியடுப்பை உள்ளே கொண்டுவருவது எமனை அழைப்பதாகும். அதன் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கழிவுத் தொட்டிகள் இரண்டில் கழிவறைத் தொட்டியை முதலில் காலிசெய்து, குளித்த நீரைப் பின்னர் விட்டால் குழாய் தானே அலம்பப்பட்டுவிடும். குளிர்நாட்டில் பனிக்காலம் வருமுன் குழாய்களிலிருந்து தண்ணீரை அறவே நீக்கவேண்டும். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகும், குழாய் வெடிக்கும்.

மாணவர்களே! உங்களில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். வண்டியோட்டி, கொத்தனார், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். உங்கள் தந்தையும் தாயும் பெயர் தெரியாமலே செய்துவரும் இயற்பியல் நம் பாடநூலில் இருக்கிறது. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அவர்கள் வேலை செய்வதைச் சற்று நின்று பாருங்கள். ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அன்று நெடுஞ்சாலையில் என் பேத்தியின் உறக்கத்தைப் பணயம் வைத்திருக்கமாட்டேன்.

ஊர் திரும்பும் நாளில் சாமான்களை நானே அடுக்கினேன். பூட்டுமுன் நாக்கின் அடியில் பலகையும் எடைக் கருவியும் வைத்து அளந்தேன். எண் சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும், ஒரு முறை குனிந்து அந்த இரும்பின்மேல் கையை வைத்துப் பார்த்தேன். "என்ன பார்க்கிறீங்க தாத்தா?" என்றாள் பேத்தி. "முன்பாரம்" என்றேன். பிறகு அவளுக்கும் விளக்கிச் சொன்னேன்.